பத்திரமா வாங்க

ஜூலை 7, திங்கள்

இந்த நோட்டை இன்று மதியம்தான் வாங்கினேன். ஆய்வு செய்கிற எல்லாரும் அன்றாடக் குறிப்பு வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் மேலாளர் திரு. லோ உத்தரவு போட்டிருக்கிறார். எந்த மொழியில் என்று அவர் சொல்லவில்லை. எனவே அவருக்குத் தெரியாத மொழியில் எழுதுகிறேன்.

ஆய்வு இதுதான். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் காப்புறுதி நிறுவனம் மலேசியக் கடன்பத்திரங்களை வளைத்து வளைத்து வாங்குகிறது. அங்கே இருக்கும் சேமநிதிகள் நம் கடன்பத்திரங்களை வாங்குகின்றன. தூர தேசத்தில் இதைவிட நல்ல வட்டி கிடைக்கும்போதும் இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுக்கே கடன் கொடுக்கிறது. ஏன்? செப்டம்பர் 30-க்குள் நான் பதில் சொல்ல வேண்டும். முதலீட்டுக் குழு என் அறிக்கையை ஏற்றுக்கொண்டால் அண்டை நாட்டுக் கடன்பத்திரப் பிரிவுக்கு நான் தலைவி. பதினொரு வருடமாக அந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

"வட்டியும் நாணய மாற்று விகிதமும்தான். வேறென்ன இருக்கப்போகிறது?" என்றார் லோ. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இரண்டையும் ஒழுங்காகக் கணக்கில் எடுத்தால் மிச்சம் எதுவும் இருக்காது.

வாஷிங் மெஷின் மறுபடியும் தண்ணீரை வெளியே விடமாட்டேன் என்கிறது.

ஜூலை 11, வெள்ளி

மதியம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலேசிய ஊரான ஜோகூர் பாரு போய் வந்தேன். இரண்டு நாட்டையும் இணைக்கிற பாலத்தைத் தாண்ட ஒன்றே முக்கால் மணி நேரம். பேருந்தில் இருந்து எட்டிப் பார்த்தால் ஜோகூர் தெரிகிறது, அங்கே இருக்கிற கடையின் பெயர்ப்பலகையைப் படிக்க முடிகிறது, போய்ச் சேரத்தான் முடியவில்லை.

பேட்டி கொடுத்தவர் பெயர் குணாளன். ஒரு தொழிலாளர் கூட்டுறவுச் சேமநிதியின் முதலீட்டு மேலாளர். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தார், மூன்றும் எழுதவில்லை.

எந்த அடிப்படையில் சிங்கப்பூர்க் கடன்பத்திரங்களைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று முதல் கேள்வி கேட்டேன்.

"கோழியப் பார்த்துதான்" என்றார்.

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"எங்க உறுப்பினர்ல பாதிப் பேரு தினமும் காலையில நாலு மணிக்கு எழுந்து உங்க பக்கம் வேலைக்குப் போறவங்க. போன வருசம் ஒரு கம்பெனி பத்திரம் வெளியிட்டுச்சு. மதிப்பீட்டு நிறுவனம் ரொம்ப உசத்தியா மார்க் போட்டிருந்தாங்க. எங்க ஆளு ஒருத்தரு அங்க வேலை செய்றாரு. அண்ணே, கேண்டீன்ல கோழித் துண்டு சின்னதாயிருச்சு, மே மாசத்துல இருந்து ஓவர்டைமும் இல்லைன்னாரு. நான் வாங்கல. அஞ்சு மாசம் கழிச்சு மார்க்கக் குறைச்சாங்க."

"இது ஒரு அளவுகோல் இல்லை, மிஸ்டர் குணாளன்."

"ஏங்க இல்ல? துண்டு சின்னதா பெருசான்னு பார்த்தா தெரியுமே."

அவர் ஒரு பத்திரத்தின் விலையை "தொண்ணூத்தெட்டு வெள்ளி" என்றார். எந்த வெள்ளி என்று கேட்டேன். இரண்டு நாட்டுக் காசையும் நாம் வெள்ளி என்றுதான் சொல்கிறோம், ஆனால் நம் ஒரு வெள்ளிக்கு அவர்களுடையது மூன்றுக்கு மேல் வரும். "நீங்க வந்திருக்கற வெள்ளிக்கிழமையத் தவிர இங்க எல்லா வெள்ளியும் எங்க வெள்ளிதான்" என்றார். பேட்டியில் இதைச் சேர்க்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

லோவிடம் கோழி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அறிக்கையில் கோழி வரக்கூடாது என்றார்.

ஜூலை 18, வெள்ளி

கேள்வி எண் 14-ஐப் போன வாரம் கேட்காமல் விட்டுவிட்டேன். தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் ஆய்வு என்றால் நேரில் கேட்பதுதான் முறை. வேலை முடிந்து கிளம்பும்போது அவருக்குத் தகவல் சொன்னேன். "பத்திரமா வாங்க" என்று பதில் அனுப்பினார். பாலம் தாண்டியதும் "சேர்ந்துட்டேன்" என்று அனுப்பினேன். மரியாதைக்கு.

கேள்வி 14 நாணய மாற்று அபாயம் பற்றியது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பதில் சொன்னார். பதில் நான்கு நிமிடம். வீட்டுக்கு வந்து சேர மணி பதினொன்று.

ஜூலை 20, ஞாயிறு

தங்கை சுடரொளி வந்திருந்தாள். கதவருகே இருந்த புதுச் செருப்பைப் பார்த்தாள்.

"எங்கக்கா போற, இதைப் போட்டுக்கிட்டு?"

"பாலத்துல ரொம்ப நேரம் நிக்கணும். மெத்துன்னு இருக்கும்."

"மெத்துன்னு இருக்கறதுக்குக் கல்லு வச்சிருக்கா?"

அவளுக்கு மூன்று பிள்ளைகள், ஒரு கணவர், ஒரு மாமியார், இருந்தும் என் செருப்பைக் கவனிக்க நேரம் இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

பேட்டிக்கு எழுதிவைத்த கேள்விகள் முடிந்துவிட்டன. எனவே எழுதாத கேள்வி ஒன்றைக் கேட்டேன்: வட்டி அதிகம் கிடைக்கிற தூர நாடுகளில் ஏன் வாங்குவதில்லை?

கொஞ்ச நேரம் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"வாங்கியிருக்கேன். ஏழு வருசத்துக்கு முன்ன. ஒம்பது சதவீதம் வட்டி. அந்த ஊர வரைபடத்துல காட்டுங்கன்னு யாராச்சும் கேட்டிருந்தா முழிச்சிருப்பேன். யாரும் கேக்கல. மூழ்கிப்போச்சு. அந்த வருசம் ஓய்வு பெற வேண்டிய நாப்பத்திரண்டு பேரு இன்னும் ரெண்டு வருசம் வேலை செஞ்சாங்க. அதுல ஒருத்தரு தினமும் எங்க ஆபீசு வாசல்ல காடிய நிறுத்தி, கதவுக் கண்ணாடிய எறக்கி, நல்லா இருக்கீங்களா தம்பின்னு கேட்டுட்டுப் போவாரு. திட்டியிருந்தாக்கூட தேவல."

நான் குறிப்பு எடுக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பேட்டி கொடுப்பவர் என்ற முறையில்.

ஜூலை 30, புதன்

இருபது வருடப் புள்ளிவிவரத்தைக் கணினியில் ஓட்டினேன். வட்டி வித்தியாசம், நாணய மாற்று, தரமதிப்பீடு, இரு நாட்டு வணிகம், எல்லாம் போட்டாயிற்று. நூற்றில் முப்பத்தெட்டு பங்கு எதனாலும் விளக்கப்படாமல் நிற்கிறது. இதற்கு எங்கள் தொழிலில் "மிச்சம்" என்று பெயர். மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் அதே மிச்சம்.

இப்போதெல்லாம் காலையில் குணாளனிடமிருந்து "பசியாறியாச்சா?" என்று செய்தி வருகிறது. காலைச் சாப்பாடு சாப்பிட்டீர்களா என்று அந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் கேட்பதுதான். இதில் விசேஷம் ஒன்றும் இல்லை. இன்று எட்டே கால் வரை வரவில்லை.

எட்டு இருபதுக்கு வந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கேள்வி எண் 14-க்கு ஒரு துணைக்கேள்வி இருந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாளை சிங்கப்பூர் தேசிய தினம், எங்கள் அலுவலகத்துக்குத் திங்களும் விடுமுறை. ஊரே பாலத்தில் நிற்கிறதாம். "இன்னிக்கு ஜாம் அதிகம், வேண்டாம்" என்று குணாளன் செய்தி அனுப்பினார். சரியான யோசனைதான். வீட்டிலேயே இருந்து ஃபிரிட்ஜைத் துடைத்தேன். பிறகு தட்டுகளைக் கழற்றி மறுபடி துடைத்தேன். தலைக்குச் சாயம் போட்டேன், கூட்டங்களுக்குப் போகும்போது தலைவி பதவிக்கு ஏற்ற தோற்றம் வேண்டும் என்பதால்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்று அவர் மனைவியைப் பற்றிப் பேசினார். பெயர் லெட்சுமி. புற்றுநோயில் இறந்து ஆறு வருடம் ஆகிறது. சோகமாகச் சொல்லவில்லை. வராத ஒரு ஆளை எனக்கு அறிமுகம் செய்துவைப்பதுபோலச் சொன்னார். லெட்சுமிக்குச் சமைக்கத் தெரியாதாம், கணக்குப் பார்ப்பாராம், ஒரு காசு விடமாட்டாராம், இவரை "பேனா திருடன்" என்று கூப்பிடுவாராம்.

பிறகு என்னைக் கேட்டார், ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று. வேலை என்றேன். எப்போதும் சொல்கிற பதில்தான். "அப்புறம்?" என்றார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. வேலை என்றதும் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்புறம் யாரும் வரவில்லை என்றேன். சொன்ன பிறகு அது இவ்வளவு சின்னப் பதிலா என்று இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு வருடமும் எத்தனை பேர் பாலத்தைத் தாண்டிப் போய் வந்தார்கள் என்ற எண்ணிக்கையையும் கணினியில் சேர்த்தேன். மிச்சம் முப்பத்தெட்டிலிருந்து இருபத்தொன்றாக இறங்கிவிட்டது.

அதாவது, போக்குவரத்து எவ்வளவு அதிகமோ, ஒருவர் மற்றவரின் கடன்பத்திரத்தை வாங்குவதும் அவ்வளவு அதிகம். வட்டி அரைச் சதவீதம் குறைந்தாலும் விடுவதில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பதால் தகவல் தெரிகிறது, தகவல் தெரிவதால் பயம் போகிறது. இருபது வருடமாக நான் படித்த பாடங்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு வட்டிக்குப் போய்விடும்.

கோழிதான். அறிக்கையில் "அன்றாடத் தொடர்பினால் கிடைக்கும் தகவல்" என்று எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

குணாளனிடம் சொன்னேன். இன்னொரு தட்டு மட்டன் பிரட்டல் வரவழைத்தார். "அப்ப அந்த இருபத்தொண்ணு என்னாங்க?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

"கண்டுபிடிங்க. அதுக்காகவாச்சும் வந்து போவீங்க இல்ல?"

ஆகஸ்ட் 29, வெள்ளி

தெருவெல்லாம் மலேசியக் கொடி. ஞாயிறு அவர்கள் சுதந்திர தினம். பேருந்து நிலையம் வரை கூட வந்தார். வரிசையில் நிற்கும்போது, "அறிக்கை முடிஞ்சதும் வருவீங்களா?" என்று கேட்டார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்றேன்.

"ஆறு மாசமா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னை நானே நன்றாகத் திட்டிக்கொண்டேன். எனக்கு நாற்பத்தாறு வயது. ஒரு மனிதர் ஒன்று கேட்டால் புள்ளிவிவரம் என்றா பதில் சொல்வது? நான் சரியான மக்கு.

செப்டம்பர் 1, திங்கள்

காலை பத்து மணிக்கு இணக்கப் பிரிவிலிருந்து அழைப்பு. நாங்கள் விதிப்படி நடக்கிறோமா என்று பார்க்கிற பிரிவு அது. பெயர்தான் இணக்கம், யாரோடும் இணங்காது. அதிகாரி பெயர் நூர்ஹயாத்தி. மேசை மேல் ஒரு தடித்த கோப்பு. மேலே என் பெயர்.

அலுவலகக் கைப்பேசியில் வருகிற செய்திகளை எல்லாம் ஒரு மென்பொருள் படிக்குமாம். தமிழில் இருந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றிப் படிக்குமாம். அது சந்தேகப்பட்டுக் கோடிட்ட செய்திகளை நூர்ஹயாத்தி ஒவ்வொன்றாக வாசித்தார்.

"ஆறு வெள்ளிக்கிழமைகள், வேலை முடியும் நேரம். மலேசிய முதலீட்டு மேலாளர் ஒருவர் உங்களுக்கு ஒரே உத்தரவை அனுப்பியிருக்கிறார்: 'கடன்பத்திரங்களை வாங்குங்கள்.'"

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பத்திரமா வாங்க.

"நீங்கள் ஒவ்வொரு முறையும் 'நான் சேர்ந்துவிட்டேன்' என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். எதில் சேர்ந்தீர்கள்?"

"ஜோகூருக்குப் போய்ச் சேர்ந்தேன்."

"தினமும் காலையில் 'பசி தீர்ந்ததா?' என்று கேட்கிறார். எங்கள் சந்தையில் பசி என்றால் வாங்குகிற ஆசை. நீங்கள் சில நாள் 'இன்னும் இல்லை' என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆகஸ்ட் 8 அன்று 'நெரிசல் அதிகம், இன்று வேண்டாம்' என்றார். அதற்கடுத்த திங்கட்கிழமை நம் நிறுவனம் மலேசியப் பத்திரம் வாங்கவில்லை. மற்ற திங்கட்கிழமைகளில் மூன்று முறை வாங்கியிருக்கிறது."

வாராந்தரக் கொள்முதல் கூட்டம் திங்கட்கிழமைதான் நடக்கும், அதில் எனக்கு வாக்கு இல்லை, அந்த வாரம் விடுமுறையால் கூட்டமே நடக்கவில்லை என்று சொன்னேன். பத்திரம் என்றால் தமிழில் பாதுகாப்பு என்றும் பொருள், வாங்க என்றால் வருக என்றும் பொருள் என்று சொன்னேன். ஒரே வார்த்தைக்கு இத்தனை பொருளா என்பதுபோலப் பார்த்தார். நம்மவர்கள் காசுக்கும் கிழமைக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதை நல்லவேளை நான் சொல்லவில்லை.

விசாரணை முடியும்வரை குணாளனோடு எந்தத் தொடர்பும் கூடாது. அவருடைய சேமநிதிக்கும் கடிதம் போகிறது. விதி மீறல் என்று முடிவானால் அறிக்கை இல்லை, பதவி இல்லை, வேலையும் இல்லை.

வீட்டுக்கு வந்துவிட்டேன். உண்மையாகவே பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

அரசுச் சான்று பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் என் செய்திகள் முழுவதும் போயிருந்தன. யாரென்று தெரியாத ஒருவர் என் ஆறு வெள்ளிக்கிழமைகளையும் படித்திருக்கிறார். இன்று அவருடைய அறிக்கை வந்தது. நூர்ஹயாத்தி கடைசிப் பத்தியை வாசித்துக் காட்டினார்:

"மேற்கண்ட செய்திகளில் முதலீடு பற்றிய சொல் ஒன்றுகூட இல்லை. 'பத்திரமாக வாருங்கள்' என்பதே பொருள். தமிழர்கள் இதைத் தங்கள் வரவுக்காகக் காத்திருக்கும் ஒருவரிடமிருந்தே பெறுவார்கள்."

நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

"சந்தைக் குற்றச்சாட்டு இல்லை" என்றார் நூர்ஹயாத்தி. கோப்பை மூடவில்லை. "ஆனால் இப்போது வேறொரு கேள்வி வருகிறது. அவர் ஏன் காத்திருக்கிறார்?"

செப்டம்பர் 5, வெள்ளி

போகவில்லை. செய்தியும் இல்லை. வாஷிங் மெஷின் ஆள் வந்து போனார். குழாயில் ஒரு காலுறை அடைத்திருந்ததாம்.

செப்டம்பர் 8, திங்கள்

உறவு அறிவிப்புப் படிவம் என்று ஒன்று இருக்கிறது. வெளி நிறுவனத்து முதலீட்டாளரோடு நமக்கு என்ன தொடர்பு என்று அதில் சொல்ல வேண்டும். மூன்று கட்டம். அறிமுகமானவர். நண்பர். குடும்பத்தார் அல்லது குடும்பத்தார் ஆகக்கூடியவர்.

"முதல் இரண்டில் ஒன்று என்றால் நீங்கள் அறிக்கையைத் தொடரலாம். மூன்றாவது என்றால் மலேசியப் பத்திரம் எதையும் நீங்கள் தொடக்கூடாது. அறிக்கை வேறொருவர் பெயரில் போகும். அந்தப் பிரிவுக்கு நீங்கள் தலைவராகவும் முடியாது."

நண்பர் என்றால் ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். அறிமுகமானவருக்கு விளக்கம் தேவையில்லை. முதல் கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பொய்யில்லையே. ஜூலை 11-ஆம் தேதி முறைப்படி அறிமுகமானவர்தான்.

செப்டம்பர் 12, வெள்ளி

அறிக்கை அறுபத்திரண்டு பக்கம் ஆகிவிட்டது. லோ படித்துவிட்டு, பாலத்தைத் தாண்டுகிறவர்களின் எண்ணிக்கை பற்றிய பகுதிதான் மொத்தத்திலும் சிறந்தது என்றார். குழு நிச்சயம் ஏற்றுக்கொள்ளும் என்றார். முன்கூட்டியே எனக்கு வாழ்த்தும் சொன்னார்.

ஆறு மணிக்கு என் கால்கள் தாமாகவே பேருந்து நிறுத்தத்துக்குப் போயின. வரிசையில் பத்து நிமிடம் நின்ற பிறகுதான் தடை இன்னும் நீங்கவில்லை என்பது நினைவு வந்தது. வீட்டுக்குத் திரும்பிச் சோறு வடித்து, ரசம் கொதிக்கும்போது அழுதேன்.

செப்டம்பர் 18, வியாழன்

நூர்ஹயாத்தி மறுபடி கூப்பிட்டார்.

"சரிபார்ப்பதற்காக அவருடைய சேமநிதியும் அவரிடம் இதே படிவத்தை வாங்கி அனுப்பியிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை."

"அவர் நண்பர் என்று போட்டிருப்பார்" என்றேன்.

"அவருடைய படிவத்தை உங்களிடம் காட்ட எனக்கு அனுமதி இல்லை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் முதல் கட்டம். அவர் முதலும் இல்லை, இரண்டாவதும் இல்லை. மொத்தம் மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லக்கூடாது."

படிவத்தின் கட்டங்களை விரல்விட்டு எண்ணினேன்.

"இருவரில் ஒருவர் திருத்த வேண்டும், மங்கையர்க்கரசி. அவரைத் திருத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பட்டுமா? அல்லது நீங்கள் திருத்துகிறீர்களா? திங்கள் மதியத்துக்குள் சொல்லுங்கள்."

செப்டம்பர் 20, சனி

சுடரொளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கிண்டல் செய்யவில்லை, அதுவே எனக்குக் கலக்கமாக இருந்தது.

"அவரைத் திருத்தச் சொன்னா என்னக்கா ஆகும்?"

"எதுவும் ஆகாது. அறிக்கை என் பேர்ல போகும். பதவி கிடைக்கும்."

"அவரு திருத்துவாரா?"

"திருத்திடுவாரு. அதான் பிரச்சினை. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டாரு. கடிதம் வந்த அன்னைக்கே திருத்தி அனுப்பிட்டு, மறுநாள் காலையில பசியாறியாச்சான்னு கேப்பாரு."

சுடரொளி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பதினொரு வருசம்க்கா. நீ எவ்வளவு பாடுபட்டன்னு எனக்குத் தெரியும். வேணாம்னு நான் சொல்லமாட்டேன். எது வேணாம்னும் சொல்லமாட்டேன்."

எனக்கு அந்தப் பதவி வேண்டும். இதை நன்றாக எழுதிவைக்கிறேன், பின்னால் நான் என்னவோ பெரிய தியாகம் செய்ததாகக் கதை கட்டிவிடக்கூடாது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும், அதற்கு நான் தகுதியானவள், இன்னொருவர் அதில் உட்கார்ந்தால் வயிறு எரியும்.

ஆனால் அந்த மனிதர், அதனால் தன் வேலையே போகலாம் என்று தெரிந்தும் மூன்றாவது கட்டத்தில் குறியிட்டிருக்கிறார். நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவேன் என்று சொன்ன பிறகு. என்னிடம் எதுவும் கேட்காமல். எனக்காக இப்படி யாரும் எதையும் பணயம் வைத்ததில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

பதினொன்றரைக்கு நூர்ஹயாத்தியின் அறைக்குப் போனேன். புதுப் படிவம் கேட்டேன். மூன்றாவது கட்டம். குறி கொஞ்சம் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது, செல்லுமா என்று கேட்டேன். செல்லும் என்றார். முத்திரை குத்தி, தேதி போட்டு, கோப்பை மூடினார். "இனி நீங்கள் அவரோடு பேசலாம்" என்றார். பிறகு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "மதிய உணவு நேரம் வந்துவிட்டது, மாடிப்படிப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்காது" என்றார்.

முதலில் லோவிடம் போய்ச் சொன்னேன். வெகுநேரம் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். அறிக்கை எங்கள் பிரிவில் இருக்கும் பெர்னார்ட் பெயரில் போகும், நான் இந்தோனேசியக் கடன்பத்திரங்களுக்கு மாற்றப்படுவேன், பிரிவுத் தலைமையை இந்த வருடம் மறந்துவிட வேண்டும். "வருத்தமாக இருக்கிறது" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். நான் எழுந்து கதவுவரை போன பிறகு, "மங்கை, இதற்கு வட்டி எத்தனை சதவீதம்?" என்று கேட்டார். பதினொரு வருடத்தில் அவர் செய்த முதல் நகைச்சுவை.

மாடிப்படியில் உட்கார்ந்து, என் சொந்தக் கைப்பேசியில் குணாளனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"மங்கை? பேசலாமா? பேச விட்டாங்களா?"

"விட்டுட்டாங்க. நம்ம ரெண்டு பேர் படிவமும் ஒத்துப்போகலைன்னு சொன்னாங்க."

 அவசர அவசரமாகப் பேசினார். "தப்பு என்னுதுங்க. உங்ககிட்ட மொதல்ல கேட்டிருக்கணும். படிவத்துல கேட்டாங்க, பொய் எழுத மனசு வரல, எழுதிட்டேன். உங்க அறிக்கைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. இப்பவே மாத்தி எழுதிக் கொடுத்துடறேன், எந்தக் கட்டம்னு மட்டும் சொல்லுங்க."

"நீங்க ஒண்ணையும் மாத்த வேணாம். நான் என்னுதைத் திருத்திட்டேன்."

"எப்படித் திருத்துனீங்க?"

"உங்களுதைப் பார்த்து."

 லைனில் இருக்கிறாரா என்று கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன், இருந்தார். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு நாளா சளிங்க" என்றார்.

மருந்து சாப்பிடுங்கள் என்றேன்.